எண்ணெய்க்கு வழியில்லாத வீடு

எங்கள் மாமாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அன்றைக்கு ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. யோசனை உருப்படுமா இல்லையா என்பது பிறகு பார்க்கும் கதை. அதைச் சொல்ல அவர் சைக்கிளில் வரும் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒழுங்கையில் நின்ற கோழியும் ஆடும் தாமாகவே வேலிக்கரைக்கு ஒதுங்கிவிடும். படலையைத் திறக்கக்கூட அவருக்குப் பொறுமை இருக்காது. வெளியில் நின்றே, "தங்கச்சி, கேட்டியே சங்கதி" என்று தொடங்கிவிடுவார்.

அவர் என் அம்மாவின் தமையன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். மிச்ச நேரமெல்லாம் ஊர்ச் சங்கத்துக்குக் காரியதரிசி. சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓலைக் கொட்டில், நாலு கதிரை, எந்நேரமும் கதைத்துக்கொண்டிருக்கும் நாலு பெரியவர்கள், அவ்வளவுதான். ஆனால் கரவெட்டியில் எங்கள் பகுதியில் ஒரு நல்லது நடந்தாலும் பிழை நடந்தாலும் அந்தக் கொட்டிலில் இருந்துதான் புறப்படும்.

அது சண்டைக் காலம். அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கும் கூப்பன். கூப்பன் கையில் இருந்தாலும் காசு இல்லாவிட்டால் எண்ணெய் கிடையாது. காசு இருந்தாலும் சிலவேளை கடையில் எண்ணெய் கிடையாது. பெரியவர்களுக்கு அது பெரிய இடி. எனக்கோ கொண்டாட்டமாக இருந்தது. விளக்கில்லாத வீட்டில் முற்றத்தில் காய்ந்த பனங்கொட்டை ஊமலைக் குவித்து நெருப்பு வைப்பார்கள். அதைச் சுற்றி இருந்து பேய்க்கதை கேட்கலாம். கோயிலுக்குப் போகிறவர்கள் காவோலைச் சூள் கொளுத்திக்கொண்டு போவார்கள். இப்படியே சண்டை இன்னும் கொஞ்சநாள் நடந்தால் என்ன என்று நான் மனதுக்குள் ஆசைப்பட்டதும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன புத்தி இருக்கும்.

எங்களுடையது ஓட்டு வீடு. ஊர் அதை 'மலாயாக்காரர் வீடு' என்றுதான் சொல்லும். என்னைப் பெற்ற ஐயாவுக்கு மலாயாவில் ரயில்வேயில் உத்தியோகம். யப்பான்காரன் அங்கே வந்து புகுந்த பிறகு ஐயாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காயிதம் வரவில்லையே என்று நான் ஏங்கியது உண்மை. காயிதத்தோடு வேறு எதுவும் வந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. சுவரில் பெரிய மணிக்கூடு தொங்கியது, விறாந்தையில் சாய்மனைக் கதிரை கிடந்தது. ஆகவே நாங்கள் பணக்காரர். எனக்கு மட்டும் இல்லை, ஒழுங்கைக்கே அதுதான் நினைப்பு.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் விடுதியில் இருந்து படித்தவர். அங்கே லேஸ் பின்னவும் சட்டை தைக்கவும் பழகியிருந்தார். பகலில் ஊசியைத் தொடவே மாட்டார். எங்கள் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் அயலட்டைப் பெண்கள் எந்நேரமும் வந்து போவார்கள். பொழுதுபட்டுப் படலையைச் சாத்திய பிறகுதான் அறைக்குள் லாம்பை வைத்துக்கொண்டு இருப்பார். சின்னப் பிள்ளைகளின் சட்டைகள், ஒன்றைப்போல ஒன்று இல்லாமல், அவர் மடியில் இருந்து பிறந்துகொண்டே இருக்கும். மாமா வந்து அவற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சைக்கிளில் பருத்தித்துறைக்குக் கொண்டுபோவார். திரும்பி வரும்போது அம்மாவின் கையில் எதையோ மடித்து வைப்பார்.

"உது ஆருக்கு அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உடுப்பில்லாத பிள்ளையளுக்கு" என்றார் அம்மா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. மணிக்கூடு ஒருபக்கம் கிடக்கட்டும், எங்கள் வீடு தருமம் செய்கிற வீடு. தீபாவளி கிட்டக் கிட்ட சட்டைகளின் தொகை கூடியது. மஞ்சள் துணியில் ஒரு சட்டை வெட்டி, அளவு பார்க்க என்மேல் வைத்தார். "அந்தப் பிள்ளை உன்ரை அளவு" என்றார். கழுத்தில் லேஸ், இடுப்பில் கொசுவம். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உடுப்பில்லாத பிள்ளையோடு போட்டி போடலாமோ. விழுங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் லாம்பு மெலியத் தொடங்கியது. அம்மா அதை வரவரப் பிந்திக் கொளுத்தினார். திரியை நீல மணியளவுக்கு இறக்கி வைத்தார். பிறகு, பொழுது படுமுன் வாசற்படியில் இருந்து, வெளிச்சம் உள்ளவரை அவசர அவசரமாகத் தைத்தார். வேலிப் பக்கம் சத்தம் கேட்டால் துணி சேலைக்குள் போய்விடும். ஒருநாள் மம்மல் இருட்டுக்குள் ஊசி விரலில் ஏறி, வெள்ளைச் சட்டை ஒன்றில் ரத்தம் பட்டுவிட்டது. அதை உப்புத் தண்ணீரில் கசக்கிக் கசக்கி அம்மா அழுததை நான் பார்த்தேன். தீபாவளிக்குள் சட்டை எல்லாம் முடியாவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும் என்று நானும் சேர்ந்து அழுதேன்.

மாமாவின் யோசனை வந்தது இந்தச் சமயத்தில்தான்.

"தங்கச்சி, கேட்டியே சங்கதி. சங்கத்துக்கு ஒரு பீப்பா மண்ணெண்ணெய் கிடைச்சிருக்கு. வழியில்லாத வீடுகளுக்குச் சும்மா குடுக்கப்போறம்."

அம்மாவின் முகத்தில் ஏதோ வந்து போனது. "ஆர் வழியில்லாத ஆக்கள் எண்டு எப்பிடி அண்ணை கண்டுபிடிப்பியள்?" என்று கேட்டார்.

மாமா இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். எங்கள் ஊரில் ஒருவரும் வாய்விட்டு 'எனக்கு இல்லை' என்று சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா. ஆகவே ஒருவரும் வந்து கேட்கத் தேவையில்லை. பெயர் பதிய வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் சங்கத்துப் பெரியவர்கள் சும்மா உலாத்துவதுபோல ஒழுங்கையால் நடப்பார்கள். எந்த வீடு இருட்டாகக் கிடக்கிறதோ, அந்த வீட்டுப் படலையில் விடியுமுன் ஒரு போத்தல் எண்ணெய் இருக்கும். வைத்தது யார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. யாருக்கும் வெட்கமில்லை. மாமா சொல்லி முடித்துவிட்டு, தான் கண்டுபிடித்ததைத் தானே மெச்சி, தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வெள்ளிக்கிழமையோ அண்ணை?" என்றார் அம்மா மெல்ல.

"ஓம், வெள்ளிக்கிழமை. அண்டைக்குத்தான் எல்லாருக்கும் வசதி."

அம்மா பிறகு குசினிக்குள் போய்விட்டார். மாமா என்னிடம், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று எச்சரித்துவிட்டு, அதே கதையை அடுத்த வீட்டுப் படலையிலும் போய்ச் சொன்னார். மறுநாள் மத்தியானத்துக்குள் அந்த இரகசியம் கிணற்றடி எல்லாம் சுற்றி எங்களிடமே திரும்பி வந்துவிட்டது.

கணக்குப் படிப்பித்த மனிசன், ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் ஊரில் எந்தத் தாய் தன் வீட்டை இருட்டாக விடுவாள்? மற்ற நாளென்றாலும் பரவாயில்லை. போதாததற்கு, பெரியவர்கள் நாலு பேர் கண் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு?

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மத்தியானத்தில் இருந்தே அம்மா ஓரிடத்தில் நிற்கவில்லை. லாம்பின் கண்ணாடிச் சிமிலியைச் சாம்பல் போட்டுத் துடைத்தார். போத்தலின் அடியில் கிடந்த மண்ணெண்ணெய் முழுவதையும் லாம்புக்குள் கவிழ்த்தார். சுவாமிக்கென்று வைத்திருந்த நல்லெண்ணெயைக் குத்துவிளக்கின் ஐந்து முகத்துக்கும் விட்டார். முன் யன்னல்கள் இரண்டையும் அகலத் திறந்துவைத்தார். பொழுது சாய்ந்ததும் திரியை உயர்த்தினார் பாருங்கள், மலாயாக்காரர் வீடு கலியாண வீடாக மாறிவிட்டது. நான் கைகொட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினேன்.

ஒழுங்கையைப் பார்த்ததும் ஓட்டம் நின்றுவிட்டது. கார்த்திகை விளக்கீட்டுக்குக்கூட நான் அப்படிக் கண்டதில்லை. ஒரு வீட்டில் இலுப்பெண்ணெய் மணக்க மணக்க வரிசையாகச் சிட்டி விளக்குகள். இன்னொரு வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை, ஆகவே முற்றம் நிறைய ஊமல் நெருப்பு. ஒழுங்கைக் கடைசியில், புருஷனை இழந்து தனியே இருந்த மனிசியின் கொட்டிலில் அரிக்கன் லாம்பு ஒன்று தொங்கியது. அது எதிர் வீட்டு லாம்பு. சற்று முன்னர்தான் வேலிக்கு மேலால் கைமாறியதை நான் கண்டேன். எதிர் வீட்டுக்காரிக்கு இன்னொன்று இருந்தது. எங்களைப்போன்ற பிள்ளைகளுக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடி ஓடி எந்த வீடு வெளிச்சம் கூட என்று சண்டை பிடித்தோம்.

சங்கத்துப் பெரியவர்கள் உலாத்திக்கொண்டு வந்தார்கள். மாமா முன்னுக்கு வந்தார். முதல் வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரண்டாம் வீட்டைப் பார்த்தும் சந்தோஷப்பட்டார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகம் சற்று மாறியது. பாதி ஒழுங்கை வந்ததும் நின்றேவிட்டார்.

பின்னால் வந்த ஒருவர், "மாஸ்ரர், யப்பான்காரன் மேலாலை வந்தா எங்கடை ஒழுங்கைதான் முதல் தெரியும்" என்றார்.

முழு ஒழுங்கையிலும் இருட்டாகக் கிடந்தது ஒரே ஒரு வீடு. அதுதான் பெஞ்சன்காரரின் மாடி வீடு. கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுக்கு வந்தவர். குடும்பத்தோடு வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார்கள். மாமா தலையைச் சொறிந்தார். ஆனால் மற்றப் பெரியவர்கள் விடவில்லை. இருட்டு வீட்டுக்குத்தான் எண்ணெய் என்று தீர்மானம், இது இருட்டு வீடு, ஊருக்கு ஒரு நீதி பெஞ்சன்காரருக்கு ஒரு நீதியா என்று வாதாடினார்கள். ஆகவே விடியுமுன் ஊரிலேயே பெரிய பணக்காரரின் படலையில் வழியில்லாதவர்களுக்கான போத்தல் போய் உட்கார்ந்துகொண்டது.

காலை வெயில் ஏறமுன் பெஞ்சன்காரர் புறப்பட்டுவிட்டார். ஒரு கையில் குடை, மறுகையில் போத்தல். எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் மாமாவைப் பிடித்தார்.

"என்னை ஆர் எண்டு நினைச்சியள்? எண்ணெய்க்கு வழியில்லாமல் என்ரை பிள்ளையள் இருட்டிலை கிடக்குதுகளோ? ஊருக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டியளே" என்று நெருப்பாய்க் கொதித்தார். மாமா என்ன சமாதானம் சொன்னாலும் காதில் ஏறவில்லை. வேலிக்கு வேலி தலைகள் முளைத்தன. போத்தலை ஒழுங்கை நடுவில் வைத்துவிட்டு, பாம்பைக் கண்டவர்போல அதைச் சுற்றி நடந்து போனார். நாங்கள் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வயிறு நோவெடுத்தது.

உள்ளே ஓடிவந்து அம்மாவுக்குச் சொல்லப்போனேன். அவர் யன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாம் பார்த்திருந்தார். சிரிக்கவில்லை. "எங்கடை படலையிலை அதை வைச்சிருந்தால், நான் பிறகு இந்த ஒழுங்கையாலை நடந்திருக்கமாட்டன்" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

அன்று பின்னேரம் ஒழுங்கை முழுவதும் கும்மிருட்டு. ஒரு கிழமைக்கு வைத்திருந்த எண்ணெயை எல்லாரும் ஒரே மாலையில் எரித்துத் தீர்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் வெட்டிய துணிகள் வெட்டியபடியே கிடந்தன. மஞ்சள் சட்டைக்கு ஒரு கைதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாமா பொட்டலம் எடுக்க வந்தார். முடியவில்லை என்றார் அம்மா. ஏன் என்று மாமா கேட்டார். அம்மா வெட்டிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மாமா மேசையில் இருந்த லாம்பைத் தூக்கினார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். திரும்பவும் ஒருமுறை ஆட்டினார். பிறகு சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். யோசனை இல்லாமல் மாமா போனதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் யோசனையோடு வந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு தகரம் மண்ணெண்ணெய்.

"தங்கச்சி, எனக்கு ஒரு உதவி செய்ய வேணும். சங்கத்துக் கொட்டில் ஓலை. பீப்பா முழுக்க அங்கை கிடந்தா ஒரு நெருப்புப் பொறி போதும். பிரிச்சுப் பிரிச்சு நம்பிக்கையான வீடுகளிலை வைக்கிறம். உங்கடை ஓட்டு வீடு." பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மண்ணெண்ணெய் ஆவியாப் போற சாமான். அரைவாசி குறைஞ்சாலும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றார்.

அம்மா பெருமையோடு ஏற்றுக்கொண்டார். நம்பி ஒப்படைத்த பொருள் அல்லவா. மாமா போனதும் தகரத்தின் மூடியைத் துணியால் சுற்றினார். ஆவியாகப் போகும் என்று மாமா சொன்னாரே, ஆகவே அதன்மேல் மெழுகை உருக்கி வார்த்தார். அதன்மேல் இன்னொரு துணி. கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு என்னைக் காவல் வைத்தார். எனக்கு இதைவிடப் பெரிய பதவி எது. சங்கத்து எண்ணெய் எங்கள் வீட்டில். அதன்மேல் படுத்துக்கொண்டு, அம்மாவும் நானும் அந்தக் கிழமை முழுவதும் இருட்டில் இருந்தோம். பகலில் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஓட்டு இடுக்கால் விழும் வெளிச்சத்தில் அம்மா மஞ்சள் சட்டையின் மற்றக் கையைப் பொருத்தப் பார்த்தார். முடியவில்லை.

மாமா வந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து தகரத்தை இழுத்தார். கனம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்ல.

"ஒரு சொட்டும் குறையேல்லை அண்ணை" என்றார் அம்மா.

"நானும் காவல் இருந்தனான்" என்றேன் நான்.

மாமா முற்றத்தில் இறங்கி மாமரத்தைச் சுற்றி நடந்தார். தலையில் கைவைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கிணற்றுக்கட்டில் இருந்தார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று தூரத்தில் இருந்து பார்க்க விளங்கவில்லை. திடீரென்று எழும்பி விறுவிறு என்று உள்ளே வந்தார். அந்த நடை எனக்குத் தெரியும். புது யோசனை.

"இதிலை தண்ணி கலந்திருக்கெண்டு ஊரிலை ஒரு கதை அடிபடுது. குடுக்கமுன்னம் சோதிக்க வேணும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் லாம்பிலை விட்டு எரிச்சுப் பார்த்து, சுவாலை எப்பிடி, புகை எப்பிடி எண்டு எனக்குச் சொல்ல வேணும். கொஞ்ச நேரம் எரிச்சால் தெரியாது. நீ படுக்கப் போறவரைக்கும் எரிய வேணும்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா மணிக்கூட்டைப் பார்த்தார், அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு வேறை ஆக்கள் இல்லையோ அண்ணை?"

"இருக்கினம். பொய் சொல்லுவினம். நீ சொல்லமாட்டாய்."

அம்மாவின் கண் நிறைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சிமிலியை எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றார்.

அன்று மாலை எங்கள் லாம்பு எரிந்த எரிப்பை என்னவென்று சொல்ல. நான் கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கமே எங்கள் கண்ணை நம்பி இருக்கிறதே. அம்மா பக்கத்தில் இருந்து சட்டை தைத்தார். இடைக்கிடை தலையை நிமிர்த்தி, "கொஞ்சம் சிவப்பாய்க் கிடக்கு" என்பார். நான், "ஓம், புகையில்லை" என்பேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தால் அம்மா ஒழுங்காக எல்லாம் ஒப்புவிப்பார். சுவாலை நல்லது, புதன்கிழமை மட்டும் ஒருக்கால் படபடத்தது, அது காற்றாக இருக்கலாம். மாமா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்பார். அடுத்த தகரத்தையும் சோதிக்க வேண்டும் என்று இறக்கி வைப்பார். ஒழுங்கைக் கடைசியில் தனியே இருந்த மனிசியையும் சங்கம் உத்தியோகத்தில் எடுத்துவிட்டது. கோயிலால் வருகிறவர்களுக்கு வழி தெரிய அவர் தன் படலையில் சங்கத்து லாம்பை வைத்திருக்க வேண்டும். அதன் வெளிச்சம் கொட்டிலுக்குள்ளும் விழுந்தால் குற்றமில்லை.

தீபாவளிக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை சட்டைகள் எல்லாம் முடிந்தன. மஞ்சள் சட்டையை மாமா கடைசியாக மடித்துப் பொட்டலத்துக்குள் வைத்தார். அம்மா அதை ஒருமுறை வெளியே எடுத்து, கழுத்து லேஸை நீவி, திரும்ப வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன்.

"மாமா, எண்ணெய்க்கு வழியில்லாத வீட்டைத் தேடினியளே, கண்டுபிடிச்சிட்டியளோ?"

மாமா பொட்டலத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டு, "கண்டுபிடிச்சிட்டம்" என்றார்.

"ஆர் வீடு?"

கயிறு இறுகிய பிறகும் இறுக்கிக்கொண்டே நின்றார். எனக்கு அந்த வீட்டை நினைக்கப் பாவமாகப் போய்விட்டது.

"எங்கடை எண்ணெயிலை கொஞ்சம் அதுகளுக்குக் குடுப்பமே. நாங்கள் சோதிக்கத்தானே எரிக்கிறம், கொஞ்சமாய் எரிச்சால் என்ன?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். "குடுப்பம் பிள்ளை" என்றார். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார். ஏறி ஓடவில்லை, உருட்டிக்கொண்டே போனார்.

அன்று விளக்கு வைத்துக் கும்பிடும்போது, ஐயாவின் காயிதத்தைக் கேட்ட கையோடு பிள்ளையாரிடம் இன்னொன்றும் உரத்துக் கேட்டேன். எண்ணெய்க்கு வழியில்லாத அந்த வீட்டில் என்னைப்போல ஒரு பிள்ளை இருந்தால், அது இருட்டுக்குப் பயப்படக்கூடாது, அதற்குத் தீபாவளிக்குச் சட்டை கிடைக்க வேண்டும். கண்ணை மூடியிருந்ததால் அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. கை மட்டும் என் தலையில் பட்டது.

"ஓம் பிள்ளை" என்றார். "அந்தப் பிள்ளைக்காக நல்லாய்க் கேள்."

நான் இன்னும் உரத்துக் கேட்டேன்.